ஆளில்லாத லயங்களும் ஒரு கமராவும்

“இடிஞ்சுபோன லயத்தைப் படம் புடிச்சி யாருக்குக் காட்டப்போற? நாம பட்ட சீரழிவு ஊருக்கெல்லாம் தெரியணுமா?”

நான் கையில் கமராவை எடுத்துக்கொண்டு புறப்பட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, என் அம்மா கேட்ட கேள்வி இது. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் சமூகவியல் படித்தவள் நான். மலையக மக்களின் வாழ்விடம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பட்டமும் பெற்றிருக்கிறேன். ஆனாலும் முப்பத்தைந்து வருடம் கொழுந்துக்கூடை சுமந்த ஒரு தாயின் இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கங்களில் பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போன கதையைத்தான் வாசகச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விடயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று மின்சாரம். காசல்ரி நீர்த்தேக்கத்தில் தேங்கும் கெஹெல்கமு ஓயாவின் நீர், 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, நோட்டன் அணைக்கட்டில் மறுபடியும் தேங்குகிறது. அங்கிருந்து குழாய் வழியே பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அந்த மின்நிலையம் 1950இலேயே இயங்க ஆரம்பித்துவிட்டது. மற்றொன்று, 1974 டிசெம்பர் 4ஆம் திகதி ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானம். இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்கு யாத்திரை புறப்பட்டவர்களும் விமானப் பணியாளர்களுமாக 191 பேர் அதில் மாண்டார்கள். அந்த விமானத்தின் சக்கரமொன்று இன்றும் ஊரில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது. கமராவோடு வருகிறவர்கள் அணைக்கட்டையும் அந்தச் சக்கரத்தையும் மலையையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். பாதைக்கு மேலே பற்றைக்காட்டுக்குள் கூரையில்லாமல் நிற்கும் லயங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படியொரு லயத்தில்தான் நான் பிறந்தேன். அணைக்கட்டு எங்கள் வாசலிலிருந்தே தெரியும். ஆனால் என் சிறு வயதில் எங்கள் காம்பராவில் எரிந்தது குப்பி விளக்குத்தான்.

லயங்கள் ஏன் வெறுமையாகின?

லயம் என்பது கோப்பிக் காலத்தில் தோன்றிய குடியிருப்பு முறையாகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். பக்கத்துக் காம்பராவில் தும்மினால் நம் காம்பராவில் கேட்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் பின்பக்கம் ஜன்னல்கூட இராது. நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகியும் இன்றும் எத்தனையோ குடும்பங்கள் இதே அமைப்பில்தான் வாழ்கின்றன. ஒருபுறம் இடம் போதாமல் ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை நெருக்கியடித்துக்கொண்டிருக்க, மறுபுறம் ஆளில்லாத லயங்கள் ஏன் நிற்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். தேடிப்பார்த்தபோது ஒவ்வொரு வெற்று லயத்துக்கும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது.

சில லயங்கள் ஒப்பந்தத்தால் வெறுமையானவை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று அதில் எழுதப்பட்டது. மீதி ஒன்றரை இலட்சம் பேரையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே லயத்தில் அக்காவுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்றானது. என் அம்மாயி இங்கே தங்கினார். அவருடைய தங்கை கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மீண்டும் கொழுந்தே பறித்தார். நாடற்றவர் பிரச்சினை இங்கே சட்டப்படி தீர 2003ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னும் சில லயங்கள் மலைக்குப் பயந்து விடப்பட்டவை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மறக்க முடியுமா? அதன் பிறகு, சுவரில் வெடிப்பு விழுந்தாலே “மண்சரிவு அபாயம்” என்று அறிவித்தல் வந்தது. சில குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. சில குடும்பங்கள் உறவினர் காம்பராக்களில் ஒதுங்கின.

வேறு சில லயங்கள் வேலையோடு சேர்ந்து வெறுமையானவை. தேயிலைத் தூர்களை மறுநடுகை செய்யாமல் விட்ட மலைகள் காடாகின. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போனார்கள். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் போராடி அதை 2021இல்தான் பெற்றோம். மறு வருடமே நாட்டின் பொருளாதார நெருக்கடி அந்த ஆயிரத்தையும் விழுங்கிவிட்டது. பிறகு யார்தான் இருப்பார்கள்?

ஆக, லயத்தை யாரும் சும்மா விட்டுப் போகவில்லை. சட்டத்தாலோ, மண்ணாலோ, சம்பளத்தாலோ அனுப்பப்பட்டார்கள் என்பதே உண்மை.

இடிபாடுகளின் அழகு

வெளிநாடுகளில் கைவிடப்பட்ட வீடுகளைப் படமெடுப்பது பெரியதொரு கலையாக இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையோரங்களிலும் தீவுகளிலும், பாறைக்கும் கடலுக்குமிடையே கூரையற்று நிற்கும் கல் வீடுகளைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த வீடுகள் எப்படி வெறுமையாகின? பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆடு வளர்ப்பு இலாபமானது என்று கண்ட நிலச்சொந்தக்காரர்கள், குத்தகைக் குடிகளை வெளியேற்றினார்கள். சென் கில்டா என்ற தூரத்துத் தீவிலோ, இனியும் இங்கே பிழைக்க முடியாது என்று கண்ட கடைசி 36 பேரும் தாங்களே கேட்டுக்கொண்டு 1930 ஓகஸ்ட் 29ஆம் திகதி தீவைவிட்டு வெளியேறினார்கள். அந்த வீட்டுச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. எங்கள் மலைகளில் கோப்பியும் தேயிலையும் போட்ட துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்களே. 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அவர்களில் ஒருவர். தங்கள் ஊர்ப் பெயர்களையே தோட்டங்களுக்கும் வைத்தார்கள். நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே கெஹெல்கமு ஓயா விழும் நீர்வீழ்ச்சிக்கும் அபர்டீன் என்றுதான் பெயர். அந்த நாட்டின் கைவிடப்பட்ட வீடுகளுக்கு அருங்காட்சியகங்கள் உண்டு, புத்தகங்கள் உண்டு. அந்தப் பெயர்களைச் சுமந்த நம் தோட்டங்களின் கைவிடப்பட்ட லயங்களுக்கு என்ன உண்டு?

நம் பக்கத்திலும் துரை பங்களாக்கள் பிழைத்துக்கொண்டன. காசல்ரி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாச விடுதிகளாகியிருக்கின்றன. மரத்தளம் மெருகேற்றப்பட்டு, சுவர்களில் பழைய படங்கள் மாட்டப்பட்டு, அவை பாதுகாக்கப்படுகின்றன. லயமோ, தகரம் கழற்றப்பட்ட இரண்டாவது மழையிலேயே சுவர் கரைந்து விழுந்துவிடுகிறது.

படம் எடுத்தவர்கள், படத்தில் இருந்தவர்கள்

மலைநாட்டுக்குக் கமரா புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே போன்ற கொழும்புப் புகைப்பட நிலையத்தார் இங்கே ஏறி வந்தார்கள். கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படம் தபாலட்டையாகி உலகம் சுற்றியது. அந்தப் பெண்ணின் பெயர் அட்டையில் இராது. அவள் திரும்பிப் போன லயமும் இராது.

இன்னுமொரு செய்தி பலருக்குத் தெரியாது. உலகின் புகழ்பெற்ற ஆரம்பகாலப் பெண் புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கெமரன் நம் பக்கத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்கத்தாவில் 1815இல் பிறந்த அவருக்கு 48 வயதானபோது, தனிமையைப் போக்கிக்கொள்ளட்டும் என்று மகள் ஒரு கமராவைப் பரிசளித்தாராம். அப்போதுதான் அவர் படமெடுக்கவே ஆரம்பித்தார். கணவரோ 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் - கெமரன் சீர்திருத்தத்தில் பெயர் பெற்ற அதே கெமரன். இவர்களுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இலங்கைக்குக் குடிவந்த ஜூலியா, இங்கும் சாதாரண மக்களைப் படமெடுத்தார். அவற்றில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெய்ன் தோட்டத்தில் காலமான அவர், பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தோட்டக்காரரின் மனைவி. நாங்கள் தொழிலாளியின் பிள்ளைகள். இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் மறக்கவில்லை. என்றாலும், நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண் கமராவைக் கையிலெடுத்தாள் என்பதும், அவள் மண்ணாகிப்போனது நம் மலையில்தான் என்பதும் எனக்கு ஒரு தெம்பைத் தந்தது. நம் வீடுகளை நாம் ஏன் படமெடுக்கக் கூடாது?

என் குறிப்பு சொன்ன பொய்

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

2022ஆம் ஆண்டு நான் வேலை செய்த நிறுவனத்துக்காக, ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் குடியிருப்புகளைக் கணக்கெடுத்தேன். எத்தனை லயம், எத்தனை காம்பரா, எத்தனை குடும்பம் என்று படிவத்தில் நிரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் இணைக்க வேண்டும். பன்னிரண்டு காம்பரா லயமொன்று பாதையிலிருந்து வெகு உயரத்தில் நின்றது. அபாய அறிவித்தலுக்குப் பிறகு எல்லோரும் கீழே இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். அட்டை கடிக்கும், குளவிக்கூடு இருக்கும் என்றும் பயங்காட்டினார்கள். மழை வரப்பார்த்தது. நான் பாதையில் நின்றபடியே ஒரு படமெடுத்துக்கொண்டு, படிவத்தில் “ஆளில்லாத லயம்” என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அறிக்கைக்காகப் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். லயத்தின் கோடிக் காம்பராவின் கூரைக்கு மேல் மெல்லியதொரு புகை. பனிமூட்டம் என்று முதலில் நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினேன். இஸ்தோப்புக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது ஒரு சேலை.

மறுநாளே மேலே ஏறினேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாயி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்டார்.

“லயத்துல ஆளில்லன்னு எழுதிட்டீங்களாமே மிஸ்? அப்ப நான் யாரு, பேயா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கோ முகம் செத்துவிட்டது. ஆளில்லாத லயம் என்று ஆகிவிட்டதால், அதன் தகரங்களைக் கழற்றி வேறு கட்டிடத்துக்குப் போடப்போகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு வந்திருந்தது. அதற்கு ஆதாரம் என் படிவந்தான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“மகன் கீழ புது வீட்டுல இருக்காரே, அங்க போகலாமே அம்மாயி?” என்று கேட்டேன்.

“புது வீடு மகன் பேர்ல இருக்கு புள்ள. அங்க போனா நான் மருமக வீட்டு விருந்தாளி. எந்தப் பானையத் தொட்டாலும் கேட்டுத்தான் தொடணும். இங்க நான் வீட்டுக்காரி.”

நாற்பத்திரண்டு வருடம் செக்றோலில் பேர் இருந்த பெண் அவர். அந்தப் பேர் எடுபட்ட நாளிலிருந்து அவர் கணக்கில் இல்லை. வீட்டுக்கான பட்டியலில் “குடும்பத் தலைவர்” என்ற இடத்தில் மகனின் பெயர் இருந்தது. அம்மாயி அந்தக் குடும்பத்தின் அங்கத்தவர், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். ஆனால் என் படிவத்திலும் “குடும்பத் தலைவர்” என்ற கட்டம்தான் இருந்தது. நானும் மகனின் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

என் படம் பொய் சொல்லவில்லை சகோதரிகளே. புகையையும் சேலையையும் அது ஒளிக்கவில்லை. பொய் சொன்னது என் குறிப்பு.

அறிக்கையைத் திருத்தினேன். தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினேன். தோட்டத் தலைவர், கிராம உத்தியோகத்தர், தோட்ட அலுவலகம் என்று அலைந்ததில், தகரம் கழற்றுவது நிறுத்தப்பட்டது. ஆனால் அத்தோடு முடியவில்லை. அந்த லயத்தில் அம்மாயி இருப்பதும் ஆபத்துத்தான். சுவர் வெடிப்புக்குள் என் விரலே நுழைந்தது. “உங்க உரிமை அம்மாயி, இங்கேயே இருங்க” என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட முடியுமா? பல மாதங்கள் பேசினோம். கடைசியில் கீழ்ப்பிரிவு லயத்தில் காலியான ஒரு காம்பரா, அவருடைய பெயரிலேயே பதிந்து, அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. தனி அடுப்பு, தனிச் சாவி. சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் அவர் மேலேயிருந்து இறங்கினார்.

2025 நவம்பர் இறுதியில் “தித்வா” புயல் மழையில் மலைநாடெங்கும் மண் சரிந்தபோது, என் நினைவுக்கு முதலில் வந்தவர் அவர்தான். தொலைபேசித் தொடர்பு கிடைக்க இரண்டு நாட்கள் ஆயின. அம்மாயி நலமாக இருந்தார். மேல் லயத்தின் பின்சுவர், கோடிக் காம்பராப் பக்கம் முழுவதுமாக விழுந்துவிட்டிருந்தது.

உள்ளே பார்க்கக் கற்றுக்கொண்டது

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் பாதையில் நின்று படமெடுப்பதில்லை. வாசல் வரை போகிறேன். முன்பு அங்கே இருந்தவர்களில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் காட்டித் தந்த பிறகுதான் ஒரு வெற்றுக் காம்பராவில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பது புரிந்தது.

அடுப்பு இருந்த மூலையில் சுவர் கரியேறிக் கறுப்பாக மின்னும். அது பல தலைமுறைப் பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ரொட்டி சுட்ட கரி. கூரை மரத்தில் ஓரிடம் கயிறு அறுத்துப் பள்ளமாகியிருக்கும். அது தொட்டில் கட்டிய இடம். கதவு நிலையில் மஞ்சள் குங்குமத் தடம். இஸ்தோப்புத் தூணில் பிள்ளையின் உயரம் பார்த்துக் கீறிய கோடுகள். சுவரில் ஒட்டிய பழைய சினிமாப் படத்துக்குக் கீழே, பிரட்டுக்குப் போன நாட்களைக் கணக்கு வைத்த கரிக்கோடுகள். ஏன் அந்தக் கோடுகள் என்று கேட்டேன். “செக்றோல்ல பேர் விடுபட்டா நாம சொல்றத யார் நம்புவா? நமக்காவது தெரியணுமே” என்றார் ஓர் அக்கா.

லயத்தைச் சுற்றியும் பார்க்க வேண்டியவை உண்டு. பிள்ளைக் காம்பராவின் படி, பிரட்டுக்களம், காமன் கூத்து ஆடிய பொட்டல், தூர்ந்துபோன பீலி. மஸ்கெலியாவில் ஒரு முழு ஊரே இப்படி மறைந்து கிடக்கிறது. 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். அப்போது மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள். அது நீரில் மூழ்கிய ஊர். எங்கள் லயங்களோ பற்றையில் மூழ்குகின்றன. வரட்சி வந்தாலும் அவை மறுபடி தெரியப்போவதில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. லயம் இடிய வேண்டும், ஒவ்வொரு குடும்பமும் தன் காணியில் தன் வீட்டில் வாழ வேண்டும். அதுதான் நம் கோரிக்கை. ஆனால் அங்கே வாழ்ந்தோம் என்பதற்கான தடயமும் சேர்ந்து இடியக் கூடாது. கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்தைச் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு வருடமானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து போனார்கள். “நாங்கள் இங்கேதான் இருந்தோம்” என்று சொல்வதற்கு இவையெல்லாம் வழிகள். நம் கையிலுள்ள தொலைபேசியும் ஒரு வழிதான்.

நீங்களும் செய்யலாம்

வாசகச் சகோதரிகள் சிலர், “எங்களுக்கும் ஆசைதான், எப்படிச் செய்வது?” என்று கேட்கக்கூடும். என் அனுபவத்தில் கற்றவற்றைச் சொல்கிறேன்.

தனியாகப் போகாதீர்கள். மழை நாளிலும் மழைக்கு மறுநாளும் சரிவுப் பக்கம் போகவே கூடாது. வெடித்த சுவருக்கும் உக்கிய மரத்துக்கும் கீழே நிற்காதீர்கள். வாசலிலிருந்தே உள்ளே தெரியும்படி எடுங்கள். குளவிக்கூடு இருக்கிறதா என்று கூரையோரத்தை முதலில் பாருங்கள்.

காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் மூட்டம் விலகி வெளிச்சம் சாய்வாக விழும். சுவரிலுள்ள கீறல்கள்கூட அப்போது தெளிவாகத் தெரியும்.

கேட்காமல் எடுக்காதீர்கள். யாருமில்லை என்று நினைத்தாலும் ஒரு தடவை குரல் கொடுங்கள். கோடிக் காம்பராவில் யாராவது இருக்கலாம்.

எடுத்த படத்தோடு பெயர்களை எழுதுங்கள். எந்தப் பிரிவு, எத்தனையாவது லயம், எத்தனையாவது காம்பரா, யார் யார் இருந்தார்கள், எப்போது, ஏன் போனார்கள் என்று எழுதுங்கள். பெண்களின் பெயர்களை மறக்காமல் எழுதுங்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று எழுதாமல் அவரவர் பெயரையே எழுதுங்கள். வீட்டு உறுதி, காணிப் பட்டியல் என்று படிவம் வரும்போதும் இதையே கேளுங்கள். கணவன் பெயரோடு மனைவி பெயரும் இருக்க வேண்டும். தனித்து வாழும் தாயின் பெயர் தனியே இருக்க வேண்டும்.

ஒரு பிரதியை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி பழுதானால் படமும் போய்விடும்.

அம்மா சொன்ன பதில்

சென்ற வருடம் தைப்பொங்கலுக்கு மறுநாள் கோத்தகிரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. சின்ன அம்மாயிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது, தான் பிறந்த லயத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார், படமிருந்தால் அனுப்ப முடியுமா என்று அவருடைய பேரன் கேட்டிருந்தார். அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

எங்கள் லயத்தில் இப்போது ஐந்து காம்பராக்களின் சுவர்தான் மிச்சம். நான் அதை எடுக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். “அது கம்பெனிக்காரன் கட்டுனது. எங்களோட எடம் இதுதான்” என்று சொல்லிக்கொண்டே பற்றையை விலக்கிப் பீலியடிக்குக் கூட்டிப்போனார். மூங்கில் போய்விட்டது. கல் மட்டும் இருந்தது, தண்ணீர் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மாயியும் சின்ன அம்மாயியும் துணி துவைத்த கல் அது. எந்தக் கல் யாருடையது, வேலை முடிந்து வந்து எந்த இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள், இந்தியாவுக்குப் பேர் வந்த செய்தியைச் சின்ன அம்மாயி எங்கே நின்று சொன்னார் என்று அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினார். என் வாழ்நாளில் அம்மா என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

பிறகு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு, “ம், எடு” என்றார்.

படம் கோத்தகிரிக்குப் போனது. அதைத் தன் முகத்துக்குக் கிட்டே வைத்துச் சின்ன அம்மாயி வெகுநேரம் பார்த்ததாகவும், கல்லைக் காட்டி “இது என்னோடது” என்று சொன்னதாகவும் பேரன் எழுதினார். அதன் அச்சுப்பிரதி எங்கள் வீட்டில், அம்மாவின் அடையாள அட்டையும் சேமலாபநிதிக் கடிதங்களும் இருக்கும் பிஸ்கட் தகரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதை எடுத்துக் காட்டுகிறார்.

யாருக்குக் காட்டப்போகிறாய் என்று என்னிடம் கேட்ட அதே அம்மாதான்.

உங்கள் வீட்டிலும் ஓர் அம்மா, ஓர் அம்மாயி, ஓர் அப்பாயி இருப்பார்கள். அவர்கள் விட்டுவந்த ஓர் இடமும் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் நடக்கக்கூடியவர்களாக இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். எதைப் படமெடுக்க வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.